சிறுதானியமும் கிழங்கும் சேர்ந்த சாலட்: எங்கே தப்பு, எப்படிச் சரிசெய்வது?

வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி எலுமிச்சை பிழிந்த சாலட்டில் தப்பு நடக்க அதிக இடமில்லை. வரகு, தினை, கம்பு என்று ஒரு தானியமும், பீட்ரூட், சர்க்கரைவள்ளி, சேனை என்று ஒரு கிழங்கும் சேர்த்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதுமான சாலட் செய்யும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் வேக எடுக்கும் நேரம் வேறு, விடும் தண்ணீர் வேறு, உப்பை இழுக்கும் விதம் வேறு. (பீட்ரூட், கேரட், முள்ளங்கியையும் வசதிக்காகக் கிழங்குக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.)

கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு பெரும்பாலும் கலப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது. அதிலும் முக்கால்வாசி தண்ணீரால் வருவது. இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் தங்கியிருக்கும், அல்லது இருக்க வேண்டிய இடத்திலிருந்து போயிருக்கும். கீழே உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போகலாம். பட்டியலில் இல்லாத கோளாறு என்றால், தண்ணீர் எங்கே போனது என்று முதலில் பாருங்கள்.

ஒப்பிட ஒரு அளவு வேண்டுமே: நான்கு பேருக்கு 1 டம்ளர் (200 மில்லி) தானியம், 400 கிராம் கிழங்கு, ஒரு கிண்ணம் பச்சையாகக் கடிக்கும் காய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி அல்லது புதினா, 3 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை மனதில் வைத்துத்தான்.

தானியம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். காரணம் எளிது: சோறு வடிக்கும் முறையை விட்டுவிட்டு, பொங்கல் வைக்கும் முறையில் தினையை வேகவைக்கிறோம். 1 டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து குக்கரில் இரண்டு விசில் விட்டால், தானியத்திலிருந்து வெளியே வந்த மாவுச்சத்துக்குப் போக்கிடம் இல்லை. அது அந்தத் தண்ணீரிலேயே கரைந்து, ஆறும்போது பசையாக இறுகுகிறது. சாம்பார் ஊற்றிச் சாப்பிட அது அருமையான சோறு. சாலட்டுக்கு ஆகாது.

சாலட்டுக்கு வடிப்பதுதான் வழி. தானியத்தைத் தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை கழுவுங்கள். கழுவும்போதே கல் அரித்துவிடுங்கள். சிறுதானியத்தில் மணல் இருப்பது சகஜம், சாலட்டில் ஒரு கல் பல்லில் பட்டால் அதோடு சாப்பாடே முடிந்தது. அரை மணி நேரம் ஊறட்டும். 1 டம்ளர் தானியத்துக்கு 7 அல்லது 8 டம்ளர் தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, நன்றாகத் தளதளக்கும்போது தானியத்தைப் போடுங்கள். ஒரு முறை கிளறினால் போதும். கிளறக் கிளற மாவுச்சத்து வெளியே வரும்.

ஊறவைத்த சாமையும் குதிரைவாலியும் சுமார் 5 முதல் 7 நிமிடத்தில் தயார். வரகு 8 முதல் 10, தினை ஏறக்குறைய 10, சில சமயம் 12. இதெல்லாம் தோராயம்தான், தீட்டாத தானியமானால் இன்னும் நேரம் பிடிக்கும், அடுப்பின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். நாலாவது நிமிடத்திலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்து, ஆனால் பல்லுக்கு இன்னும் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். வடித்த பிறகும் உள்ளிருக்கும் சூட்டில் அது கொஞ்சம் வேகும்.

சாதம் வடிக்கும் தட்டில் சாமை நிற்காது, ஓட்டை வழியே போய்விடும். கண் நெருக்கமான சல்லடை வேண்டும், அல்லது பழைய வேட்டித் துணியை வடிதட்டில் விரித்துக்கொள்ளலாம். வடித்ததும் அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஆவி போகிற வரை மூடவே கூடாது. மூடினால் ஆவி திரும்பத் தண்ணீராகி விழும், வடித்ததே வீண்.

ஏற்கெனவே ஒட்டிப்போனதை மீட்க முடியுமா? ஓரளவு முடியும். சல்லடையில் போட்டுக் குளிர்ந்த குடிநீரை மேலாக ஓடவிட்டு, விரலால் மெல்லப் பிரித்து, நன்றாக வடியவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய் போட்டுப் பிசிறுங்கள். சுவை கொஞ்சம் குறையும், அதை உப்பும் புளிப்பும் சேர்த்து ஈடுகட்டலாம். முழுக்கக் களியாகிவிட்டதென்றால் போராட வேண்டாம், கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

எந்தத் தானியம் நல்லது என்று கேட்டால், முதல் முறை செய்பவர்களுக்கு வரகைத்தான் சொல்வேன். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் உருவம் கெடாது. குதிரைவாலி அரை நிமிடம் அசந்தால் குழைந்துவிடும். தப்பே நடக்கக் கூடாதென்றால் முழுக் கம்பு அல்லது முழுச் சம்பா கோதுமை. இரவு முழுக்க ஊறவைத்துப் பிறகு வேகவைத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, மென்றால் மெல்ல இடம் கொடுப்பதாக இருக்கும். இவற்றுக்குக் குக்கர் பயன்படுத்தலாம், கெடாது.

வெளியே குழைவு, உள்ளே நறுக்

தானியத்தில் இது வந்தால் ஊறவைக்கவில்லை என்று பொருள், அல்லது தண்ணீர் கொதிப்பதற்குள் தானியத்தைப் போட்டிருப்பீர்கள். கம்பு, கோதுமையில் வந்தால் எட்டு மணி நேரம் ஊறவில்லை.

கிழங்கில் வந்தால் வேறு கதை. பெரிய துண்டங்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெளிப்புறம் உடனே வேகத் தொடங்கிவிடும்; சூடு நடுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓரம் கரைந்துவிடும். உருளைக்கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். துண்டங்களை ஒரே அளவாக, ஒன்றேகால் சென்டிமீட்டர் வாக்கில் நறுக்குங்கள். ஒரு கரண்டியில் தானியமும் கிழங்கும் சேர்ந்து வர அந்த அளவு சரியாக இருக்கும்.

கிழங்கு கலக்கும்போதே உடைந்து மாவாகிறது

மாவுத்தன்மை அதிகமுள்ள உருளை அல்லது சர்க்கரைவள்ளி என்றால் இது நடக்கும். இங்கே நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உதவுகிறது: புளியை முதலிலேயே விட்டால் காய் வேகாது. காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரைவதில்லை. குழம்பில் தொல்லையாக இருப்பதை இங்கே வேண்டுமென்றே செய்யலாம். உருளைக்கிழங்கு வேகும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். துண்டம் வெந்தும் ஓரம் கூர்மையாக நிற்கும். வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சர்க்கரைவள்ளிக்கு இந்த வித்தை தேவையில்லை. அதைத் தோலோடு முழுதாக இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, முழுக்க ஆறிய பிறகு நறுக்கினால் உடையாது. மெதுவான தீயில் வேகவைத்தால் இனிப்பும் கூடும். கிழங்குக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, சூடு ஏறுகிற வழியில், மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. மைக்ரோவேவில் சட்டென்று வேகவைத்தால் அதற்கு நேரம் கிடைக்காது. அதே கிழங்கு இரண்டு முறைக்கு இரண்டு சுவையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம், பச்சைச் சர்க்கரைவள்ளியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிர் தாங்காமல், எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் கட்டையாகவே இருக்கும்.

வறுத்த கிழங்கில் நிறம் ஏறவில்லை, சொதசொதவென்று இருக்கிறது

தட்டில் நெருக்கி அடுக்கியிருப்பீர்கள். துண்டத்திலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துத் துண்டத்தை வேகவைக்கும், வறுபட விடாது. தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறமும் மணமும் ஏற அதைவிட நன்றாகவே அதிக சூடு வேண்டும். ஓவன் என்றால் 200 முதல் 220 டிகிரி, துண்டங்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி. ஓவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லோ இரும்புச் சட்டியோ போதும், இன்னும் சொன்னால் அதுவே மேல். நறுக்கிய துண்டங்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் சிவக்காது. சேனையும் சேப்பங்கிழங்கும் முழுக்க வெந்த பிறகே கல்லுக்கு வர வேண்டும்.

ஃப்ரிட்ஜில் பல நாள் இருந்த உருளைக்கிழங்கு எதிர்த் தொல்லை தரும்: உள்ளே வேகும் முன்பே கறுத்துவிடும். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகியிருக்கும், அதுதான் தீய்கிறது.

கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறது

மூன்று ஊற்றுகள் உண்டு. எது என்று கண்டுபிடிக்க அந்த நீரைச் சுவைத்துப் பாருங்கள்.

நீர் உப்பாக, பச்சைக் காய் மணத்தோடு இருந்தால் வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி விட்டது. உப்புப் பட்டதும் காய் தண்ணீரை வெளியே தள்ளும். அதைக் கிண்ணத்துக்கு வெளியிலேயே நடத்திவிடுங்கள்: நறுக்கிய முள்ளங்கியில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசிறி, கால் மணி நேரம் கழித்துக் கையால் இறுக்கிப் பிழிந்து சேருங்கள். முள்ளங்கியின் காட்டமான வாடையும் பாதி இறங்கிவிடும். வெள்ளரியின் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது. தக்காளிக்கு இந்த சாலட்டில் வேலையே இல்லை என்பது என் கட்சி.

நீர் வெண்மையாக, கஞ்சி வாடையோடு இருந்தால் தானியம் வடியவில்லை. நிறமாக, இனிப்பாக இருந்தால் வேகவைத்த பீட்ரூட்டோ கேரட்டோ ஈரத்தோடு போயிருக்கிறது. இவை இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: ஆறவிட்டு, உலரவிட்டு, பிறகு கலப்பது.

இப்போது தேங்கிவிட்டதை என்ன செய்வது? சாய்த்து வடித்துவிடுங்கள். கூடவே உப்பும் புளிப்பும் போய்விடுவதால் மறுபடி சுவை பார்த்துச் சேர்க்க வேண்டும். வடிக்க மனமில்லை என்றால் இரண்டு கரண்டி வறுத்த பொட்டுக்கடலைப் பொடி தூவிக் கிளறலாம். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுவைக்கும் கேடில்லை.

எல்லாமே ரோஜா நிறமாகிவிட்டது

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான பீட்டாலெய்ன் நிறமிகள் தண்ணீரில் கரைபவை. வெட்டுப்பட்ட ஒவ்வொரு முகமும் ஒழுகும் குழாய்தான். அதனால் தோலோடு, காம்பில் இரண்டு விரல் நீளம் விட்டு, வால் வேரையும் வெட்டாமல் முழுதாக வேகவையுங்கள். வெந்த பிறகு தோல் கையாலேயே உரிந்து வரும். நறுக்கியதும் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்துப் புரட்டி, விட்ட நீரை வடித்து, அதன் மேல் எண்ணெய் பூசி வையுங்கள். எண்ணெய் பூசிய துண்டம் அவ்வளவு சீக்கிரம் சாயம் விடாது. பரிமாறும் நேரத்தில், கலக்காமல் மேலாகத் தூவுங்கள்.

நிறம் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகவோ மஞ்சளாகவோ மாறியிருந்தால், வேகவைக்கும்போது சமையல் சோடா சேர்ந்திருக்கலாம், அல்லது அளவுக்கு மேல் வெந்திருக்கலாம். புளிப்பு இந்த நிறத்தைக் காக்கும், சோடாவின் காரத்தன்மை கெடுக்கும்.

மறுநாள் காலை சிறுநீர் ரோஜா நிறத்தில் போனால் பதற வேண்டாம். சிலருக்குப் பீட்ரூட் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், தானே சரியாகும். பீட்ரூட்டே சாப்பிடாமல் அப்படிப் போனால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பீட்ரூட் மண் வாடை அடிக்கிறது

கழுவாததால் அல்ல. மழை பெய்ததும் கிளம்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற அதே பொருள் பீட்ரூட்டிலும் இருக்கிறது. தோலை ஒட்டிய பகுதியில் அதிகம். நம் மூக்கு அதைத் துளியளவிலேயே பிடித்துவிடும். தோலைத் தாராளமாக எடுங்கள். புளிப்பு சேர்ந்தால் ஜியோஸ்மின் சிதையும், அதனால் நறுக்கிய சூட்டோடு எலுமிச்சையோ வினிகரோ படட்டும். இஞ்சியும் வறுத்த சீரகமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தயிர் சேர்த்த பச்சடியில் பீட்ரூட் பிடிக்கும், பொரியலில் பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு உண்மையில் பிடிக்காதது இந்த வாடையாக இருக்கலாம்.

நாக்கு அரிக்கிறது, தொண்டை காறுகிறது

சேனை, பிடிகருணை, சேப்பங்கிழங்கு மூன்றிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. அது நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதுதான் அந்த அரிப்பு. அரைவேக்காட்டுக் கிழங்கு கண்டிப்பாகக் காறும். தோலைக் கனமாகச் சீவி, துண்டங்களைப் புளித்தண்ணீரிலோ மோரிலோ கொஞ்ச நேரம் போட்டு வைத்து, அதைக் கொட்டிவிட்டு, புளி கரைத்த புதுத் தண்ணீரில் முழுக்க வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். முதலில் சொன்ன பெக்டின் கணக்குப்படி புளித்தண்ணீரில் வேக நேரமாகும், பொறுமை வேண்டும். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். வறுக்கப்போகிறோமே என்று இதில் மட்டும் முக்கால் வேக்காட்டில் நிறுத்தக் கூடாது. நறுக்கும் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு லேசாகக் காறினால் குளிர்ந்த மோர் குடிக்கலாம். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு விடச் சிரமமானால், வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனை.

மரவள்ளி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் பச்சையாகத் துருவி சாலட்டில் போடவே கூடாது. சயனைடை வெளிவிடும் பொருள் அதில் இருக்கிறது. தோலும் அடித்தோலும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

இதுதான் விளக்க வேண்டிய கோளாறு, ஏனென்றால் கடைசியில் உப்பைக் கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அப்போது கிண்ணம் மொத்தமும் கரிக்கும், தானியத்தைக் கடித்தால் மட்டும் உள்ளே ஒன்றுமே இருக்காது. தானியமும் கிழங்கும் உப்பை வேகும்போதுதான் உள்ளே வாங்கும். வெந்த பிறகு போடும் உப்பு மேலேயே நிற்கும். வடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம், அதாவது மட்டமாக இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பு, போட்டே ஆக வேண்டும். அதில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும், அளவு அதிகமோ என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது காரணம், ஆறிய பிறகு எண்ணெய்ப் புளிப்புக் கலவையை ஊற்றுவது. தானியம் வெதுவெதுப்பாக இருக்கும்போது கலவையில் பாதியைச் சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் உள்ளே இழுக்கும். மீதிப் பாதி பரிமாறும் முன். அது மேலே நின்று நாக்கில் முதலில் படும். எலுமிச்சையைக் கையைச் சுடும் சூட்டில் பிழிய வேண்டாம், கசந்துவிடும்.

மூன்றாவது, கலவையின் அளவு. இலைகளால் ஆன சாலட்டுக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்று மேற்கத்திய சமையலில் ஒரு கணக்கு உண்டு. மாவுச்சத்து நிறைந்த நம் கிண்ணத்துக்கு அது போதவே போதாது. மூன்றுக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு இனிப்பானதாக இருந்தால் சமபங்குகூடத் தாங்கும்.

நான்காவது குளிர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் எதுவுமே சுவை குறைவாகத்தான் தெரியும். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் சுவை பாருங்கள்.

என்ன குறைகிறது என்று புரியவில்லையா? மூன்று சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, இன்னொன்றில் நாலு சொட்டு எலுமிச்சை, மூன்றாவதில் துளி வெல்லம். எது உயிர் பெறுகிறதோ அதைப் பெரிய கிண்ணத்தில் சேருங்கள். என் ஊகம், பத்துக்கு ஏழு முறை எலுமிச்சைதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ இல்லை என்றால் மணம் இல்லை. கோசுமல்லியில் கடைசியாகக் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவது சும்மா அல்ல. இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, ஆறியதும் கொட்டிப் பாருங்கள். இல்லை, ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடியோ இட்லிப் பொடியோ எண்ணெயில் குழைத்துச் சேருங்கள். வரகுக்கும் வறுத்த சேனைக்கும் இட்லிப் பொடி அப்படிப் பொருந்தும்.

கசக்கிறது

எலுமிச்சையை மூடியின் கடைசித் துளி வரை நசுக்கியிருந்தால் தோலின் கசப்பும் இறங்கியிருக்கும். ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அடித்திருந்தாலும் கசக்கும், கரண்டியாலேயே கலக்குங்கள். தாளிப்பில் வெந்தயம் கருகியிருந்தால் அதை மறைக்க வழியே இல்லை. கேரட் கசந்தால், அது வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள். பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டில் கசப்பு ஏறும்.

தானியமே கசந்தால் அது பழசு. உமி நீக்கிய சிறுதானியத்தில் இருக்கும் கொழுப்பு சில மாதங்களில் சிக்கெடுத்துவிடும். ஊறவைக்கும் முன் ஒரு கை அள்ளி முகர்ந்தாலே தெரியும். வரகில் பூஞ்சை வாடை அடித்தால் கழுவிப் பார்த்துச் சமைக்கலாம் என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காப்பகத்தில் பத்து யானைகள் இறந்தன. அவை மேய்ந்தது பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை. அவற்றின் உடலில் அந்தப் பூஞ்சை உண்டாக்கும் சைக்ளோபியசானிக் அமிலம் இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. நல்ல வரகைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்த, மணம் சரியான வரகு நூற்றாண்டுகளாக நாம் சாப்பிட்டு வருவது.

ஃப்ரிட்ஜில் வைத்ததும் தானியம் விறைத்துப்போகிறது

வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகும். ஃப்ரிட்ஜின் குளிர் அதற்கு மிகவும் தோதான குளிர். கெட்டுப்போகவில்லை, சூடுபடுத்தினால் பெரும்பாலும் இளகிவிடும். ஆகவே மறுநாளுக்கு வைப்பதென்றால் தானியத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வேண்டும்போது தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, வெதுவெதுப்பாகக் கலவையில் புரட்டினால் புதிது மாதிரியே இருக்கும். முழுக் கம்பும் கோதுமையும் இந்த விஷயத்தில் மற்றச் சிறுதானியங்களைவிட நல்லபிள்ளைகள்.

மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கிறது. அது 24 டிகிரிக்குக் கீழே கெட்டியாகும். குளிர வைத்துச் சாப்பிடும் சாலட்டுக்கு நல்லெண்ணெயே மேல்.

கொத்தமல்லி பழுத்த நிறம், வேர்க்கடலை நமத்துப்போனது

முன்கூட்டியே கலந்துவிட்டீர்கள். புளிப்பு பட்டால் இலையின் பச்சை மங்கிவிடும், ஈரம் பட்டால் கடலை மெத்தென்றாகும். இரண்டையும் தட்டில் வைக்கும்போது மட்டும் சேருங்கள்.

கொண்டைக்கடலை வேகவே இல்லை

பழைய கடலை அல்லது உப்பேறிய கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரின் கால்சியம் கடலையை இறுக்கும். குடிநீரில், ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, அப்படியும் அடம்பிடித்தால் வேகும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். புளிப்பு எதுவும் வெந்த பிறகே.

சாப்பிட்டதும் வயிறு கனத்து, மந்தமாக இருக்கிறது

கிண்ணத்தில் முழுக்க மாவுச்சத்தாக நிரப்பியிருப்பீர்கள். தினை, உருளை, சர்க்கரைவள்ளி, கொண்டைக்கடலை நாலும் ஒன்றாகப் போனால் பெயர்தான் சாலட். வெந்த தானியம் ஒரு பங்கு, கிழங்கு ஒரு பங்கு, பச்சையாகக் கடிக்கும் காயும் கீரையும் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். கிழங்கில் பாதியையாவது கேரட், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு ஒதுக்குங்கள். ஊறவைத்த பாசிப்பருப்பு, மாதுளை முத்து, துருவிய மாங்காய் என்று கடிபடுவதும் சாறு விடுவதும் இடையிடையே வந்தால் வாய்க்கு அலுப்புத் தட்டாது.

மதியம் டப்பாவைத் திறந்தால் ஒரு மாதிரி வாடை

தூக்கிப் போடுங்கள், சுவை பார்க்கவும் வேண்டாம். வெந்த தானியத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளரும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நச்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், அதாவது நம் ஊரில் பெரும்பாலான நாட்களில், ஒரு மணி நேரத்துக்குள். வாடை வராமலே கெட்டிருக்கவும் கூடும், அதனால் மூக்கை நம்ப வேண்டாம், கடிகாரத்தை நம்புங்கள்.

பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியேதானே இருக்கிறது என்று கேட்கலாம். அது தண்ணீருக்குள் மூழ்கிப் புளிக்கும் சோறு. புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலம் மற்றவற்றை அடக்கிவைக்கும். கிண்ணத்தில் உலர்ந்து கிடக்கும் தினைக்கு அந்தக் காவல் இல்லை. எலுமிச்சை பிழிந்திருக்கிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

அலுவலகத்துக்குக் கட்டுவதென்றால் முந்தின இரவே செய்து ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, காலையில் எடுத்து, உறையவைத்த தண்ணீர் பாட்டிலோடு ஒரே பையில் வையுங்கள். போனதும் அங்கே ஃப்ரிட்ஜ் இருந்தால் அதற்குள் வைத்துவிடுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம்.

எதுவுமே சரிவரவில்லை

குழைந்துபோன தினையும் உடைந்த கிழங்கும் இருந்தால் வெள்ளரி போன்ற நீர்க்காயைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் அடையாகத் தட்டுங்கள். எலுமிச்சை ஏற்கெனவே இருப்பதால் லேசாகப் புளிக்கும், தேங்காய்ச் சட்னி அதற்குச் சரியாகிவிடும். பீட்ரூட் கலந்து சிவந்துவிட்டால் அதே கலவையை உருட்டி ரவையில் புரட்டி கட்லெட். தானியம் அரைவேக்காடாக நின்றுவிட்டால் கடாயில் போட்டு, மூழ்கும் அளவு வெந்நீர் விட்டு, மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் உப்புமா. கரித்துப்போனதற்கு மட்டும் உப்பில்லாமல் இன்னொரு டம்ளர் தானியம் வடித்துச் சேர்க்க வேண்டும். அன்றைக்கு எட்டுப் பேருக்குச் சாலட்.